மழைக் கொப்பியில் விடுபட்ட பக்கங்கள்

2024 நவம்பர் கடைசிக் கிழமை. ஃபெங்கல் என்று பேர் வைத்த புயல் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கட ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். கதிரைக்கு மேல கதிரை அடுக்கிப்போட்டு எல்லாரும் விறாந்தையில் இருந்து வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "உப்பிடி ஒரு மழையை என்ர வாழ்க்கையில நான் காணேல்லை" எண்டு மாமி சொன்னா. அம்மம்மா விடேல்லை. "நிசா அடிச்சதை மறந்துபோனியே? அதுக்கு முன்னால இதெல்லாம் தூறல்." பிறகு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். நிசா வந்த 2008இல் மாமி கொழும்பில் இருந்தவ என்பது கடைசியாகத்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

ஆர் சொல்றது சரி? மழையைப் பற்றி ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். வெள்ளம் வந்த அன்றைக்கு அவர் எங்கே இருந்தார், வீட்டுக் கூரை ஒழுகினதா, ஆடு மாடு செத்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் அவருடைய மழை. அதனால் நான் பழைய செய்திகளைத் தேடினேன். 2008 நவம்பர் 25ஐ ஒட்டிய நாட்களில் நிசா சூறாவளி கொட்டிய மழை, 1918க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பதிவான ஆகக் கூடிய மழை என்று அப்போது செய்தி வந்திருக்கிறது.

அம்மம்மா வென்றா. ஆனால் எனக்கு அந்த 1918தான் மண்டைக்குள் நின்றுவிட்டது. முதலாம் உலகப்போர் முடிந்த வருடம். அந்த வருடம் ஒருநாள் காலமை, யாரோ ஒரு ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு மழைமானியடிக்குப் போய், சேர்ந்திருந்த தண்ணியை அளவுச் சாடிக்குள் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒரு எண்ணைக் கொப்பியில் எழுதியிருக்கிறார். பேர் தெரியாத அந்த ஆள் அன்றைக்குப் போகாமல் விட்டிருந்தால் தொண்ணூறு வருடம் கழித்து அப்படி ஒரு செய்தி எழுதப்பட்டிருக்காது. இந்தக் கட்டுரை அந்த ஆளைப் போன்றவர்களைப் பற்றியது. அவர்கள் போக முடியாமல் போன வருடங்களைப் பற்றியதும் கூட.

அளக்கத் தொடங்க முன்னமும் எங்கட ஆக்கள் வானத்தைப் பார்க்காமல் இருக்கவில்லை. காற்றுக்கு நாங்கள் வைத்திருக்கிற பேர்களைப் பாருங்கோ. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வருவது சோளகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். இது கவிதைக்காக வைத்த பேர் இல்லை. எந்தக் காற்றில் எந்தக் கடலில் இறங்கலாம், எப்போது பட்டத்துக்கு விண் பூட்டலாம் என்று ஒரு பெடியனுக்குச் சொல்லித் தருகிற பேர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டிப் போன ஊர்க்காரத் தண்டையல்களுக்கு இந்தக் காற்றுகள் கைரேகை மாதிரி.

தோட்டக்காரருக்கு மார்கழியில் கர்ப்போட்டம் இருந்தது. அந்த நாட்களில் மேகம் ஓடுகிற விதத்தைப் பார்த்து அடுத்த மழைக்காலத்தைச் சொல்லுவார்கள். பஞ்சாங்கத்தில் வருடத்துக்கான மழை மரக்கால் கணக்கில் போட்டிருக்கும். என்னுடைய அப்பப்பா பஞ்சாங்கத்தை வாசித்துவிட்டு, "இவ்வளவு மரக்கால் எண்டு போட்டிருக்கு, எந்த ஊருக்கெண்டு போடேல்லை" எண்டு சிரிப்பாராம். ஆனாலும் புழுதி விதைப்புக்கு நாள் பார்த்துத்தான் மொட்டைக்கறுப்பன் நெல்லை எறிந்தவர்.

கணிப்பதற்கும் அளப்பதற்கும் உள்ள இடைவெளியை யாழ்ப்பாணம் வெகு முன்னமே ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூவர் வானியல் படிப்பித்தார். அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் இருந்தார். 1829 மார்ச் 20 சந்திர கிரகணம் பற்றி சாஸ்திரியார் போட்ட கணக்கும் செமினரிக் கணக்கும் ஒத்துவரவில்லை. அன்றிரவு எல்லாரும் கூடி நின்று பார்த்ததில் தங்கள் கணக்கே சரி வந்தது என்று மிஷனரிமார் எழுதி வைத்தார்கள். இந்தக் கதையை மேற்கத்திய அறிவு வென்ற கதையாகத்தான் வழக்கமாகச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ அதில் வேறொன்று பிடித்திருக்கிறது. இரண்டு தரப்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முற்றத்தில் நின்று, கண்ணால் பார்த்துத் தீர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டது. கிரகணம் என்றபடியால் தீர்க்க முடிந்தது. நாளைக்கு மழை வருமா என்று கேட்டிருந்தால் பூவருக்கும் தெரியாது, சாஸ்திரியாருக்கும் தெரியாது.

இலங்கையில் மழையை ஒழுங்காக அளக்கத் தொடங்கியது 1860களின் பிற்பகுதியில், நில அளவைத் திணைக்களத்தின் கீழ். யாழ்ப்பாணத்துப் பதிவும் 1870 வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. பிரித்தானியர் இதைச் செய்தது எங்கட வெங்காயத்துக்காக இல்லை. மலைநாட்டில் கோப்பி, துறைமுகங்களில் கப்பல், புதிதாகப் போட்ட ரயில் பாதை என்று அவர்களுடைய பணம் முழுக்க வானத்தை நம்பிக் கிடந்தது. பக்கத்தில் இந்தியாவிலும் இதே காலம்தான். 1864இல் கல்கத்தாவைப் புயல் சிதைத்தது, 1866இல் ஒரிசாவில் பஞ்சம், பிறகு 1875இல் பிளான்ஃபோர்ட் என்பவரின் கீழ் வானிலைத் துறை தொடங்கியது. தொடங்கி அடுத்த வருடமே சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. அளந்துகொண்டிருந்தவர்கள் பஞ்சம் வருவதைக் கண்டார்கள். தானியம் கப்பலேறிப் போனதை அந்த அளவீடு நிற்பாட்டவில்லை. வானிலைத் துறைகளின் வரலாற்றைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் அது ட்வைனம் துரையின் காலம். 1869 முதல் 1896 வரை அவர்தான் இங்கே அரச அதிபர். அந்தக் காலத்து நிர்வாக அறிக்கைகளில் மழையும் விளைச்சலும் கொள்ளை நோயும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வரும். மழை பிந்தினால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் வரி இல்லை என்பது அவர்களுக்கு நல்லாத் தெரியும்.

மழைமானி என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு உருளை, மேலே ஒரு புனல், உள்ளே தண்ணி சேர ஒரு போத்தல், பக்கத்தில் கோடு போட்ட ஒரு சாடி. மரத்துக்கும் மதிலுக்கும் எட்ட, திறந்த வெளியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்குப் போய்ப் பார்க்க வேண்டும். கஷ்டம் இருப்பது இந்த 'ஒவ்வொரு நாளும்' என்பதில்தான். மழை பெய்யாத நாளிலும் போக வேண்டும், போய்ப் பூச்சியம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்ட நாள் பூச்சியம் ஆகாது, அது வெற்றிடம். பூச்சியம் என்றால் "பார்த்தேன், மழை இல்லை." வெற்றிடம் என்றால் "பார்க்க ஆள் இல்லை." கூட்டிக் கழித்துச் சராசரி எடுக்கிறவருக்கு இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணி. எங்கட குடாநாட்டின் பரப்பளவு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். அப்படியென்றால் குடாநாடு முழுக்க ஒரு மில்லிமீற்றர் பெய்தால் நூறு கோடி லீற்றர். எங்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1200, 1300 மில்லிமீற்றர் கிடைக்கிறது, அதில் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசெம்பருக்குள். மகாவலி மாதிரி ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். மிச்சமெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் வருகிற தண்ணிதான். மாரி மூன்று மாதமும் எவ்வளவு பெய்தது என்பதே அடுத்த ஆவணி வரைக்கும் எங்கட வங்கிக் கணக்கு. கூட எடுத்தால் கடலிலிருந்து உவர் ஏறும்.

1907இல் கொழும்பில் வான்கண்காணிப்பு நிலையம் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனித் திணைக்களமானது. உலக வானிலை நிறுவனம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறது. இலங்கையின் எண்கள் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகின்றன. முதலாவது எண் 43400, அது காங்கேசன்துறைக்கு உரியது. நாட்டின் வானிலைப் பட்டியல் எங்கட ஊரில்தான் தொடங்குகிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

அந்தப் பட்டியலின் எண்கள் சும்மா கிடக்கவில்லை. புவியியலாளர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை 1954இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் நாட்டின் மழையின் தாளம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பருவக்காற்று என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், மாதம் மாதமாக எந்தப் பக்கம் எந்த மழை பெய்கிறது என்று பிரித்துப் பார்த்த ஆரம்ப வேலைகளில் அது ஒன்று. அதே காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு கொண்டுவரலாம் என்று திட்டம் போட்டார். கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள் கொண்டுவந்து கொட்டுகிற மாரித் தண்ணியைக் கடலுக்கு விடாமல் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுபோய், உவர் நீரேரிகளை நன்னீராக்குவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் வந்தன. திட்டம் முழுதாய் முடியவில்லை, அது இன்னொரு கட்டுரை. நான் சொல்ல வருவது, அப்படியொரு கனவைக் காணுவதற்கே ஆறுமுகத்துக்கு எண்பது வருட மழைக் கணக்கு கையில் இருந்தது என்பது.

பிறகு 1964. டிசெம்பர் நடுப்பகுதியில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழமுக்கம். அது மேற்கே நகர்ந்து சூறாவளியாக வலுத்து, 22ஆம் திகதி இலங்கையின் வடகிழக்கில் ஏறி வவுனியாப் பக்கத்தால் குறுக்கறுத்து, அன்றிரவே பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அடித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் தூக்கிக்கொண்டு போனது. அதில் நூறு பேருக்கு மேல், ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கைப் பக்கம் முந்நூற்றைம்பது பேரளவில் செத்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல் பாதை அதோடு முடிந்தது. தனுஷ்கோடி என்ற ஊரும் முடிந்தது.

அந்தக் காலத்தில் ஒரு புயல் எங்கே நிற்கிறது என்று பெரும்பாலும் கப்பல்களும் கரையோர நிலையங்களும் அனுப்பிய தந்திகளை வைத்துத்தான் ஊகித்தார்கள். திருகோணமலையில் பாரமானி இறங்கினால் அந்தச் செய்தி இராமேஸ்வரத்துக்கும் வேணும். காங்கேசன்துறையில் காற்றுத் திரும்பினால் அது நாகபட்டினத்துக்கும் வேணும். பாக்கு நீரிணையின் இரண்டு கரையும் ஒரே புயலைத்தான் மாறி மாறி வாங்குகின்றன. ஒரு கரையில் கொப்பி மூடப்பட்டால் மற்றக் கரைக்கும் அரைக் கண்தான்.

கொப்பி மூடப்பட்டது. 1980களின் நடுவிலிருந்தே வடக்கில் அரச அலுவலகங்கள் ஒழுங்காக இயங்க முடியாத நிலை. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பலாலியும் காங்கேசன்துறையும் உயர் பாதுகாப்பு வலயம் ஆகின. 43400 என்ற முதலாவது எண், ஊர்ச்சனம் கால்வைக்க முடியாத இடமாயிற்று. குடாநாட்டுக்குள் மின்சாரம் இல்லை. பற்றரி தடை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. எங்கட அம்மா அப்பாக்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். திருச்சி வானொலி "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று சொல்லும். கேட்கிறவர் அதைத் "தாழமுக்கமாம்" என்று பக்கத்து வீட்டுக்கு மொழிபெயர்ப்பார். தமிழ்நாட்டு மீனவருக்குச் சொன்ன எச்சரிக்கையை வைத்து இங்கே ஆடு மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள். இதில் ஒரு கூத்தும் இருக்கிறது, ஒரு நெஞ்சுநோவும் இருக்கிறது.

போர்க்காலத்தில் எந்த நாட்டிலும் வானிலை ஒரு இராணுவச் சங்கதி. குண்டு போட வருகிறவனுக்கு முகில் எவ்வளவு பதிவு என்று தெரிய வேணும், கடலில் இறங்குகிறவனுக்குக் காற்றுத் தெரிய வேணும். தோட்டக்காரனுக்குத் தெரிய வேணும் என்று நினைக்க ஆளில்லை.

இலங்கையின் மழையைப் பற்றி இன்று வெளிவருகிற ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். நாட்டுப் படத்தில் தெற்கும் மலையும் புள்ளிகளால் நிறைந்திருக்கும். வடக்குக்கு வந்ததும் புள்ளிகள் ஐதாகும், சிலவற்றில் குடாநாட்டில் ஒரு புள்ளியும் இராது. போதிய தரவு இல்லாததால் சேர்க்கவில்லை என்று ஒரு வரி இருக்கும். எங்கட முப்பது வருடம் அந்த ஒரு வரிக்குள்.

அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. காலநிலை என்று சொல்ல முப்பது வருடச் சராசரி வேண்டும் என்பது உலக வானிலை நிறுவனத்தின் விதி. நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது 1961 தொடக்கம் 1990 வரைக்குமான சராசரி. இப்போது உலகம் பாவிப்பது 1991 தொடக்கம் 2020 வரைக்குமானது. "மழை கூடிவிட்டதா, வெயில் ஏறிவிட்டதா" என்று கேட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு முதலாவது முப்பது போர் மூண்ட வருடத்தில் முடிகிறது. இரண்டாவது முப்பது இடம்பெயர்வில் தொடங்குகிறது. உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று மற்றவர்கள் எண்களால் காட்டிய அதே காலத்தில், எங்கட தட்டில் வெற்றிடம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபிரிக்க நாடுகளின் வானிலைச் சேவைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் றுவாண்டாவின் கதை தெரிந்தது. 1994இல் நூறு நாளளவில் நடந்த இனப்படுகொலையோடு அந்த நாட்டின் மழைமானி நிலையங்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. அளந்தவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது ஓடினார்கள். ஏறத்தாழ பதினைந்து வருடம் நாட்டின் மழைப் பதிவில் பெரிய பள்ளம். றுவாண்டா மலைநாடு, மக்கள் முழுக்க மழையை நம்பிய விவசாயிகள். அந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு எந்தப் பயிர் எங்கே நிற்கும் என்று ஒன்றும் சொல்ல முடியாது.

அவர்கள் செய்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேலே இருந்து செய்மதிகள் முகிலைப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. கீழே யார் யாரைக் கொன்றாலும் செய்மதி அதன் பாட்டில் சுற்றும். முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று மதிப்பிடலாம். ஆனால் அந்த மதிப்பீட்டைத் தனியாக நம்ப முடியாது. ஆகவே 1994க்கு முந்திய பழைய கொப்பிகளையும் பின்னால் திரும்ப வைத்த மழைமானிகளின் அளவுகளையும் எடுத்து, செய்மதிக் கணக்கை அவற்றோடு பொருத்திச் சீராக்கி, நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பினார்கள். றுவாண்டா வானிலைச் சேவையும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை. அதை முன்னெடுத்தவர்களில் எதியோப்பியரான துஃபா டிங்கு முக்கியமானவர். எதியோப்பியா தொடங்கி ஆபிரிக்காவின் பல நாடுகளில் இதே முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாட்டின் தரவு நாட்டின் வானிலைச் சேவையிடமே இருக்கும் என்பது அதில் ஒரு அடிப்படை நிபந்தனை.

எங்களுக்கு மேலாலும் செய்மதிகள் சுற்றின. 1981இலிருந்து உலகின் வெப்பவலயம் முழுவதற்கும் ஐந்து கிலோமீற்றர் சதுரங்களாக மழை மதிப்பீடு கிடைக்கிறது, இணையத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். ஆனால் குடாநாட்டின் வடிவத்தை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. கடல், கொஞ்சம் தரை, கடல்நீரேரி, திரும்பத் தரை, தீவு. ஐந்து கிலோமீற்றர் சதுரம் ஒன்றுக்குள் பாதி தண்ணியாக இருக்கும். கோண்டாவிலில் கொட்டுகிற மழை கொடிகாமத்தில் துமிக்கவும் மாட்டாது. நிலத்தில் நின்று அளந்த எண்கள் இல்லாமல் செய்மதி சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை.

இதெல்லாம் ஆய்வாளர் பிரச்சினை என்று நினைத்தால் இரணைமடுவைப் பாருங்கள். குளத்தின் தண்ணியில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுவருவதா என்று தொடங்கிய வழக்கு எத்தனை வருடம் இழுபட்டது! கிளிநொச்சி விவசாயிகள் "எங்களுக்கே காணாது" என்றார்கள், திட்டக்காரர் "மிஞ்சும்" என்றார்கள். மழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பொய்க்கும் என்று இரண்டு தரப்பும் நம்புகிற ஒரு கணக்கு இருந்திருந்தால் அந்தச் சண்டை இவ்வளவு கசப்பாகப் போயிருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. கடைசியில் 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது வந்த சர்ச்சை, இரணைமடுவின் வான்கதவுகளைப் பிந்தித் திறந்தார்களா என்பது. மேலே காட்டில் எவ்வளவு மழை விழுந்துகொண்டிருக்கிறது என்று நேரத்துக்குத் தெரிய வேண்டிய கேள்வி அது.

2008இன் நிசாவையும் இங்கே சொல்ல வேணும். யாழ்ப்பாணத்துக்கு அது தொண்ணூறு வருடச் சாதனை மழை. அதே மழை வன்னியில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் இருந்த சனத்தின் மேலும் கொட்டியது. ஏ9 பாதை பூட்டு. அங்கே பெய்ததை அம்மம்மா கண்டிருக்கவில்லை, மாமியும் கண்டிருக்கவில்லை. கண்டவர்களில் எத்தனை பேர் அடுத்த மேமாதத்தைத் தாண்டினார்கள்?

இப்போது திருநெல்வேலியில் வானிலை அவதான நிலையம் இயங்குகிறது, காலமை அளவெடுக்கிறார்கள். மாரி தொடங்கினால் எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறை நா. பிரதீபராஜா பேஸ்புக்கில் தமிழில் எழுதுகிற முன்னறிவிப்புத்தான் சுற்றும். எங்கட வீட்டில் அவர் எழுதினதை வாசித்துவிட்டுத்தான் உடுப்புத் தோய்ப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது. கடலுக்கு அந்தப் பக்கம் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜோன். இரண்டு கரைக்கும் ஒரே பேரில் ஆள் கிடைத்திருப்பதைப் பற்றி நண்பர்களோடு பகிடி விடுவோம். சோளகம், கொண்டல் என்று பேர் வைத்த சனத்துக்கு, தங்கட ஊர்ப் பேர்களோடு தங்கட மொழியில் காற்றைப் பற்றி யாராவது சொன்னால் கேட்கத்தான் செய்யும்.

ஆனால் முன்னறிவிப்பு நாளைக்கானது. பின்னால் கிடக்கிற பள்ளத்தை எதால் நிரப்புவது? போன வருடம் அப்பப்பாவின் பெட்டியைக் கிளறியபோது ஒரு நீளக் கொப்பி கிடைத்தது. வெங்காயக் கணக்கு. 1991இலிருந்து தொடங்குகிறது. மண்ணெண்ணெய் அந்த நாளில் தங்கம் விலை என்றபடியால் இறைப்பு மிசினை எத்தனை மணித்தியாலம் ஓட்டினார், எத்தனை போத்தல் எண்ணெய் போனது என்று நாள்தோறும் எழுதியிருக்கிறார். சில நாட்களில் "மழை. மிசின் இல்லை." சில நாட்களில் "துமி. அரை மணி." மழையை அளக்க அவர் நினைக்கவே இல்லை, எண்ணெயைத்தான் அளந்தார். ஆனாலும் அந்தக் கொப்பியைப் புரட்டப் புரட்ட மாரி எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று தெரிகிறது.

பிரச்சினை என்னவென்றால், நிறைய நாட்களில் "மிசின் இல்லை" என்று மட்டும்தான் இருக்கிறது. மழையா, எண்ணெய் முடிந்துவிட்டதா, பொம்மர் சுற்றினதால் தோட்டத்துக்குப் போகவில்லையா? அப்பாவிடம் ஒவ்வொரு திகதியாகக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிலவற்றை அவர் சொல்கிறார், "அண்டைக்கு எண்ணெய் இல்லை, துலாவில இறைச்சது, எனக்குக் கை கொப்பளிச்சது." சிலவற்றுக்குத் தலையை ஆட்டுகிறார். நண்பர்கள் இரண்டு பேர் தங்கட வீட்டுப் பெட்டிகளையும் பார்க்கிறோம் என்றார்கள். ஒருத்தியின் அம்மப்பா பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவராம்.

அப்பப்பாவின் கொப்பி 1995 ஐப்பசியோடு நிற்கிறது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அந்த இரவைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் மழையைச் சொல்லாமல் விடமாட்டினம். குடையைக் கவிழ்த்துப் பிடிச்சு மழைத்தண்ணியைச் சேர்த்துப் பிள்ளையளுக்குப் பருக்கின கதை எங்கட வீட்டிலும் இருக்கு. குடை நிறைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று அப்பாவைக் கேட்டேன். "கன நேரம் எடுக்கேல்லை" என்றார். அதைத் திகதி போட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.